வீட்டு ஏறுசுவருக்கு எந்த பிளைவுட்? பழைய பலகை ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது

கேட்டவர்: ஏற்காட்டிலிருந்து ஒரு தந்தை

வணக்கம். என் மகளுக்குப் பாறையேற்றம் என்றால் உயிர். போன வருடம் கார் கொட்டகையில் எட்டடிக்கு எட்டடி ஏறுசுவர் ஒன்று அமைத்துக் கொடுத்தேன், சற்றே முன்சாய்வானது. போட்டது 12 எம்.எம். கமர்ஷியல் பிளைவுட். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கீழ் விளிம்பு நனைந்த நோட்டுப் புத்தகம் போல விரிந்துவிட்டது. பிடிகளின் போல்ட்டை இறுக்கப் பின்புறம் அடித்த டீ நட்டுகள் (பலகையில் பல் பதித்து நிற்கும் மரைகள்) போல்ட்டோடு சேர்ந்து சுற்றுகின்றன. நேற்று அவள் பிடித்திருந்த பிடியே திரும்பிவிட்டது. கீழே மெத்தை இருந்ததால் தப்பித்தாள். இனி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இரவு அவள் சாப்பிடவில்லை.

சேலத்தில் ஒரு கடையில் 18 எம்.எம். மரைன் என்கிறார்கள். இன்னொரு கடையில் கமர்ஷியலிலேயே தடிமனாக வாங்கினால் போதும் என்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: சேலம் தச்சர்

ஐயா, தடிமனைவிட முதலில் பசையைப் பாருங்கள். கமர்ஷியல் என்று விற்பது பெரும்பாலும் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் எம்.ஆர். தரம், அதாவது ஈரப்பதத்தை ஓரளவே தாங்கும் பசை. அறைக்குள் அலமாரிக்கு நல்லது. மேகம் வீட்டுக்குள் நுழையும் உங்கள் ஊர்க் கொட்டகைக்கு ஆகாது. அதே 303-இல் கொதிநீரைத் தாங்கும் பசை கொண்ட பி.டபிள்யூ.ஆர். தரம், அல்லது ஐ.எஸ். 710 மரைன், இரண்டில் ஒன்றை 18 எம்.எம்.மில் எடுங்கள். கொட்டகைக்குள் சாரல் அடிக்கும் என்றால் மரைன்தான்.

முத்திரையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பலகையை நிமிர்த்தி நான்கு விளிம்பையும் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே கறுப்பாக ஓட்டை தெரிந்தால் உள்ளேயும் வெற்றிடம் இருக்கும். டீ நட்டின் பல் அந்த இடத்தில் விழுந்தால் பிடிப்பதற்கு மரம் ஏது? பரப்பெங்கும் விரல் கணுவால் தட்டுங்கள். சத்தம் பொள்ளலாக மாறும் பலகை வேண்டாம்.

பதில்: ஏறுசுவர் கட்டிய ஒருவர்

தச்சர் சொல்வது சரி. பலகைக்குப் பின்னால் சட்டங்கள் எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன?

கேட்டவர்

இப்போதுதான் அளந்தேன். 75 செ.மீ.

பதில்: ஏறுசுவர் கட்டிய ஒருவர்

அது மிக அதிகம். 40 செ.மீ.க்கு ஒரு சட்டம் வையுங்கள். பலகையின் நீளவாக்கு சட்டங்களுக்குக் குறுக்கே வர வேண்டும். துளையை முன்பக்கமிருந்து போடுங்கள். சிம்பு பெயர்ந்தால் பின்பக்கம்தான் பெயரும். துளை அளவை ஊகிக்காமல் டீ நட்டின் குழலை அளந்து, வெட்டுத்துண்டில் ஒன்று அடித்துப் பார்த்த பிறகே பலகையைத் தொடுங்கள். துளை தளர்ந்தால் எந்தப் பலகையிலும் சுற்றும். திருகாணியால் பொருத்தும் டீ நட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பழைய பிடிகளைக் கழற்ற, பின்னால் ஒருவர் டீ நட்டின் தட்டைப் பூட்டுக் குறடால் கவ்விக்கொள்ள, முன்னால் ஒருவர் போல்ட்டைத் திருப்பலாம்.

பதில்: சேலம் தச்சர்

ஒன்றை விட்டுவிட்டேன். விளிம்புக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுங்கள். பலகையைத் தரையில் ஊன்றாமல் நான்கு விரற்கடை தூக்கி வையுங்கள். உங்களுடையது கீழேயிருந்து பிரிந்ததற்குத் தரையில் ஊறிய தண்ணீர்தான் காரணமாக இருக்கும்.

கேட்டவர்

அப்படியேதான், தரையில்தான் ஊன்றியிருந்தேன். இன்று சேலம் போய் வந்தேன். 710 முத்திரை போட்ட ஒரு பலகையின் விளிம்பிலேயே தீக்குச்சி நுழையும் ஓட்டை இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறு இரண்டு எடுத்தேன். நாளை வண்டியில் ஏற்றுகிறார்கள். வெட்டுத்துண்டும் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல் துளையை மகள்தான் போடுவாளாம்.