பத்தில் ஏழு சரியாம்… எந்த ஏழு?

செம்மண்_கோல்கீப்பர்:
பத்தாங் பெர்ஜுந்தைப் பையன்கள் மூன்று பேர் கடைவீட்டு மாடியில் நிறுவனம் தொடங்கியிருக்கிறார்கள். புள்ளிவிவரத்தை வைத்துக் காற்பந்து முடிவை முன்கூட்டியே சொல்வார்களாம். முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் தாள் ஒட்டியிருக்கிறது: "பத்து ஆட்டத்தில் ஏழு சரி. மாதம் இருபது வெள்ளி." பதினெட்டு வருஷம் தோட்டத்து அணிக்குக் கோல் காத்தவன் நான். ஒரே கேள்வி. எந்த ஏழு?

லயம்_நாலு:
முதலில் ஊர்ப் பேரைச் சரியாகப் போடுங்கள் அண்ணே. 2007இலேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.

செம்மண்_கோல்கீப்பர்:
பேர் மாற்றியவர்கள் திடலில் இருக்கும் பள்ளத்தை மாற்றினார்களா? விஷயத்துக்கு வா தம்பி.

கணக்கு_அக்கா:
அண்ணே, எந்த ஏழு என்று முன்னாலேயே தெரிந்தால் அது பத்தில் பத்து ஆகிவிடுமே! ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 1.5 கோல் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியை வைத்து எத்தனை கோல் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் புவாசோன் கணக்குப்படி அது ஒரு கோல்கூடப் போடாமல் போக ஏறக்குறைய 22 விழுக்காடு வாய்ப்பு. ஒரே ஒரு கோல் போட 33. இப்படி இரண்டு அணிக்கும் கணக்கிட்டுப் பெருக்கினால் வெற்றி, தோல்வி, சமநிலை மூன்றுக்கும் வாய்ப்பு கிடைத்துவிடும். கோல் குறைந்த ஆட்டங்களில், அதாவது 0-0, 1-1 மாதிரி, இது கொஞ்சம் சறுக்கும். அதற்கும் 1997இல் டிக்சன், கோல்ஸ் என்று இரண்டு பேர் திருத்தம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பையன்கள் குறி சொல்லவில்லை, கணக்குப் போடுகிறார்கள்.

செம்மண்_கோல்கீப்பர்:
கோல்ஸ் என்று பேர் வைத்தால் கோல் தெரிந்துவிடுமா? எங்கள் லயத்தில் ராஜா என்ற பேரில் நாலு பேர். நாலு பேருக்கும் மளிகைக்கடையில் பாக்கி. எந்த ஏழு?

மாமாக்_மேசை:
2024 ஜனவரி 25. ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவோடு நம் மலேசியா 3-3. 105ஆவது நிமிஷத்தில் ரோமெல் மொராலெஸ் போட்ட கோலுக்கு நான் துள்ளிக் குதித்து, பக்கத்து மேசைக்காரர் மடியில் தே தாரே கொட்டி, புதுச் சிலுவாருக்கு நான்தான் காசு கொடுத்தேன். எந்தக் கணினி இதைச் சொன்னது?

கணக்கு_அக்கா:
சமநிலைக்குப் பத்து விழுக்காடு என்று ஒருவர் சொல்லியிருந்தால், அப்படிப்பட்ட ஆட்டம் பத்தில் ஒன்று சமநிலையாகும் என்று அர்த்தம். அந்த ஒன்று அன்றைக்கு நடந்தது. அதனால் கணக்கு பொய்யாகிவிடுமா?

செம்மண்_கோல்கீப்பர்:
ஆக, கொரியா ஜெயித்தாலும் நீங்கள் சரி, சமநிலை ஆனாலும் நீங்கள் சரி. எங்கள் முனியாண்டி கோயில் சாமியாடிகூட இவ்வளவு பத்திரமாகக் குறி சொல்லமாட்டார்.

செம்பனை_ரசிகன்:
ஏழு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லட்டுமா? 2014 முதல் உள்ளூர் லீக் கிண்ணம் ஜொகூரின் ஜேடிடி அணிக்குத்தான் போகிறது. ஜேடிடி ஆடும் ஆட்டமாகப் பொறுக்கி எடுத்து "ஜேடிடி வெல்லும்" என்று சொன்னால் எங்கள் வீட்டுச் சேவலுக்கும் பத்தில் ஏழு வரும். மாதம் இருபது வெள்ளி வேண்டாம், அரிசி போதும்.

லயம்_நாலு:
சிலாங்கூர் 33 தடவை மலேசியக் கிண்ணம் தூக்கியது. அதையும் சொல்லுங்கள்.

செம்பனை_ரசிகன்:
கடைசியாகத் தூக்கியது 2015. அதையும் சொல்லுங்கள்.

நம்பர்_மாமா:
எனக்குத் தெரிந்து பந்தில் காசு கட்டுவது சட்டப்படி குற்றம். போலீஸ் வந்தால் மூன்று பையன்களும் மாட்டுவார்கள்.

கணக்கு_அக்கா:
அவர்கள் பந்தயம் வாங்கவில்லை மாமா. கனவில் பாம்பு வந்தது என்று காலையிலேயே நாலு நம்பர் லாட்டரிக் கடையில் நிற்கிறீர்களே, அதில் பத்தில் எத்தனை சரி?

நம்பர்_மாமா:
அது அதிர்ஷ்டம் அம்மா. இது கணக்கு என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்.

செம்மண்_கோல்கீப்பர்:
மாமா, குறுக்கே வராதீர்கள். தொண்ணூறுகளில் சூதாட்டக் கேஸில் எத்தனை ஆட்டக்காரர்களைப் பிடித்து விசாரித்தார்கள்? காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே பந்தை விட்டவனின் ஆட்டமும் அந்தப் புள்ளிவிவரத்தில்தான் இருக்கிறது. கணினிக்கு அது தெரியுமா? கோல் காக்கிறவனுக்குத் தெரியும். அப்புறம் அக்கா, உங்கள் அப்பா தோட்டத்து ஆபீஸில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். அணிக்கு வாங்கிய பந்தை ஆபீஸ் அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர். அவர் மகள் எங்களுக்குக் காற்பந்து சொல்லித் தருவதா?

கணக்கு_அக்கா:
மூன்று பந்தை லாலாங் காட்டில் தொலைத்துவிட்டு வந்தது யார்? அதற்குப் பிறகுதான் அப்பா பூட்டினார். அந்தக் கணக்கும் என்னிடம் இருக்கிறது.

பக்கத்துத்_தோட்டம்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோல்கீப்பர் அண்ணே, வணக்கம். தோட்டங்களுக்கு இடையிலான இறுதியாட்டத்தில் உங்களுக்கு எதிராகப் பெனால்டி அடித்தவன் நான். அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களிலும் பெனால்டிக்கு நீங்கள் இடது பக்கமே விழுந்தீர்கள். எங்கள் பயிற்சியாளர் சட்டைப் பையில் வைக்கும் 555 குட்டி நோட்டில் அதைக் குறித்து வைத்திருந்தார். "வலது பக்கம் அடி" என்றார், அடித்தேன். நீங்கள் இடது பக்கம் சேற்றில் கிடந்தீர்கள். எங்கள் ஊரில் இதைத்தான் புள்ளிவிவரம் என்கிறோம்.

மாமாக்_மேசை:
ஐயோ! 😂

கணக்கு_அக்கா:
அண்ணே, இருக்கிறீர்களா?

செம்மண்_கோல்கீப்பர்:
அன்றைக்கு மழை. திடல் அந்தப் பக்கம் சரிவு, எல்லாருக்கும் தெரியும். கால் வழுக்கியது, நானாக விழவில்லை. அதுவும் நாலே நாலு பெனால்டி. நான் கேட்டது பத்து ஆட்டத்தைப் பற்றி.

பக்கத்துத்_தோட்டம்:
கிண்ணம் இன்னும் எங்கள் மண்டபத்தில்தான் இருக்கிறது. வந்து பார்க்கலாம்.

செம்மண்_கோல்கீப்பர்:
அந்த நடுவர் உங்கள் மண்டோருக்கு மச்சான். அதையும் நோட்டில் எழுதினாரா? பையன்களைக் கூப்பிடுங்கள். எந்த ஏழு?