அரசியல் தொடர்களில் பெண் தலைவர்: ஆட்சியைவிட வீடே ஏன் பெரிதாகிறது?

கேள்வி:
டென்மார்க்கின் 'போர்கன்' தொடரின் முதல் மூன்று பருவங்களை (2010–2013) அண்மையில் பார்த்து முடித்தேன். நடுநிலைக் கட்சி ஒன்றின் தலைவியான பிர்கிட்டே நீபோர், தேர்தலுக்குப் பிந்தைய கூட்டணிப் பேரத்தில் ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துப் பிரதமராகும் தொடக்க அத்தியாயங்கள் என்னைப் பெரிதும் கவர்ந்தன. ஆனால், போகப்போக வேறொன்று உறுத்தியது. கணவர் பிலிப் சேர்ந்த நிறுவனத்துக்குப் போர் விமான ஒப்பந்தத்தில் தொடர்பு இருந்ததால் அவர் வேலையை விட நேர்கிறது, மணவாழ்க்கை முறிகிறது, மகள் லாரா மனப்பதற்றத்தால் நோயுற, பிரதமரே விடுப்பில் செல்கிறார். ஒரு பெண் பதவிக்கு வந்தால் அதற்கான விலையைக் குடும்பம்தான் கொடுக்க வேண்டும் என்று கதாசிரியர்கள் முன்பே தீர்மானித்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
உங்கள் மனக்குறை புரிகிறது. ஆனாலும் லாராவின் கதையை நான் அப்படிப் பார்க்கவில்லை. அரசு மருத்துவத்தைக் காக்க வேண்டும் என்று வாதிடும் ஒரு பிரதமர், அங்குள்ள காத்திருப்போர் வரிசையைத் தாண்டித் தம் மகளைத் தனியார் சிகிச்சை இல்லத்தில் சேர்க்கிறார் என்பதுதான் அந்தப் பகுதியின் மையம். அது கொள்கைக்கும் தாய்மனத்துக்கும் இடையே எழும் மெய்யான அரசியல் சிக்கல். ஆண் பிரதமர் ஒருவருக்கும் இது நேரக்கூடியதே. மேலும், நிறுவன இயக்குநர் குழுக்களில் பெண்களுக்குச் சம இடம் கோரும் சட்டமுன்வரைவைப் பெருந்தொழிலதிபர் ஒருவர் எதிர்க்கும் அத்தியாயத்தில், மிரட்டலுக்கும் சமரசத்துக்கும் நடுவே ஒரு சட்டம் எப்படி உருப்பெறுகிறது என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பதில் 2:
என் கவலை வேறு. பெண் தலைவர் பதவிக்கு எந்த வழியாக வருகிறார் என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவின் 'கமாண்டர் இன் சீஃப்' (2005) தொடரில் அதிபர் இறந்துபோவதால் துணை அதிபர் அந்த இடத்துக்கு வருகிறார். 'வீப்' தொடரில் அதிபர் விலகுவதால் வருகிறார். நம் நாட்டின் 'மகாராணி' (2021) தொடரில் முதலமைச்சரான கணவர் சுடப்பட்டதும், அடுப்படியில் இருந்த ராணி பாரதி அந்த நாற்காலியில் அமர்த்தப்படுகிறார். கணவரின் படுகொலைக்குப் பின் 1960இல் இலங்கைப் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவையும், கணவர் லாலு பிரசாத் பதவி விலகியதும் 1997இல் பீகார் முதல்வரான ராப்ரி தேவியையும் எண்ணும்போது தெற்காசியாவில் இது முற்றிலும் பொய்யன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 1979இல் தாட்சரும் 2005இல் மெர்கலும் 2011இல் மம்தா பானர்ஜியும் ஆட்சிக்கு வந்தது அப்படியன்று. ஒரு பெண் வட்டம், மாவட்டம் என்று கட்சிக்குள் படிப்படியாக மேலேறி, வேட்பாளர் பட்டியலுக்காக மோதி, தோற்று, மீண்டும் நின்று வெல்லும் நீண்ட ஆண்டுகளை ஏன் தொடர்கள் இத்தனை அரிதாகக் காட்டுகின்றன? பதவி அவருக்குத் தற்செயலாக வாய்த்தது என்று காட்டும்போது, அதிகார ஆசை ஒரு பெண்ணுக்கு இயல்பானதன்று என்ற எண்ணத்துக்கும் அவை தெரிந்தோ தெரியாமலோ துணைபோகின்றன.

பதில் 3:
இந்த வரிசையில் 'பஞ்சாயத்' தொடரையும் (2020) சேர்த்துப் பேசுவது நல்லது. பெண்களுக்கான ஒதுக்கீட்டில் மஞ்சு தேவி ஊராட்சித் தலைவராகிறார். வேலையெல்லாம் கணவர் கையில் இருக்கிறது, 'பிரதான்ஜி' (தலைவர்) என்று ஊரார் அழைப்பதும் அவரைத்தான். முதல் பருவத்தின் இறுதியில், குடியரசு நாள் கொடியேற்றத்துக்காக மஞ்சு தேவி நாட்டுப்பண்ணை வரி வரியாக மனப்பாடம் செய்யும் காட்சி, என்னைப் பொறுத்தவரை, பெரிய உரைகள் பலவற்றைவிட ஆழமானது. சட்டம் தந்த பதவியை ஒரு பெண் தன்னுடையதாக்கிக்கொள்ளத் தொடங்குவது அங்கே கண்முன் நிகழ்கிறது. ஊராட்சிகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் ஊராட்சிகளுக்குள் வந்த பெண்களின் கதைகள் இன்னும் எத்தனையோ எழுதப்படாமல் கிடக்கின்றன.

பதில் 4:
கேள்வி கேட்டவர் 'போர்கன்' தொடரின் 2022ஆம் ஆண்டுப் பருவத்தையும் பார்க்க வேண்டும். அதில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நீபோர் தனியே வாழும் வெளியுறவு அமைச்சர். கிரீன்லாந்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதும், அதை எடுப்பதை எதிர்த்துவந்த அவர், பதவியைக் காக்கத் தம் நிலைப்பாட்டையே மாற்றிக்கொள்கிறார். அவரை முன்பு நேசித்த பார்வையாளர்கள் பலர் இதனால் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை. அங்கே அவர் பதில் சொல்ல வேண்டியிருப்பது முதன்மையாக வாக்காளர்களுக்கும் கட்சிக்காரர்களுக்கும்தான். வீட்டுக்கும் ஆட்சிக்கும் இடையே நீங்கள் தேடும் சமநிலைக்கு அந்தப் பருவமே மிக அருகில் வருகிறது என்று நினைக்கிறேன்.