ரெமிங்டன் 700: பிழை கையிலா, கருவியிலா?

குறிஞ்சி:
2000 அக்டோபரில் அமெரிக்காவின் மொன்டானாவில் வேட்டையிலிருந்து திரும்பிய ஒரு தாய், ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுப்பதற்காகச் சேப்டியை, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை, விலக்கினார். ட்ரிகரைத் தொடவே இல்லை என்கிறார். குண்டு குதிரை டிரெய்லரைத் துளைத்து, மறுபுறம் இருந்த ஒன்பது வயது மகனைக் கொன்றது. யார் பொறுப்பு?

பழைய ஹவில்தார்:
அந்தத் தாயின் மேல் கல்லெறிய எனக்கு மனமில்லை. ஆனாலும் குழல்முனை எந்தப் பக்கம் இருந்தது என்றுதான் கேட்பேன். பட்டாளத்தில் காலித் துப்பாக்கியைக்கூட ஆள் இருக்கும் திசையில் நீட்ட விடமாட்டார்கள். எந்தக் கருவியும் ஒருநாள் பழுதாகும். அந்த நாளுக்காகத்தான் அந்த விதி. முனை தரையைப் பார்த்திருந்தால் ஒரு தோட்டா வீண், அவ்வளவுதான்.

பட்டறைக்காரன்:
விதி சரிதான் ஐயா. அந்த ட்ரிகரையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ரெமிங்டனின் பொறியாளர் மைக் வாக்கர் வடிவமைத்த அதில் 'கனெக்டர்' என்று ஒரு சின்னத் துண்டு உண்டு. அது ட்ரிகரோடு பிணைக்கப்படவில்லை. ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒட்டி நிற்கிறது. சுடும்போதெல்லாம் விலகி இடைவெளி விடும். அதில் மண்ணோ, கெட்டிப்பட்ட எண்ணெயோ புகுந்தால் முழுதாக இடத்துக்குத் திரும்பாது. பிறகு சேப்டியை விலக்கினாலே போதும், வெடித்துவிடும். இன்னொரு கொடுமை: 1982 வரை வந்தவற்றில் சேப்டி போட்டிருந்தால், தோட்டா அறையை மூடும் போல்ட் திறக்காது. தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமா, முதலில் சுடும் நிலைக்குக் கொண்டுவா! இப்படி ஒன்றைச் செய்து விற்றுவிட்டு 'கவனமாக இரு' என்றால் என்ன நியாயம்?

பழைய ஹவில்தார்:
எண்ணெய் கெட்டிப்படும்வரை துடைக்காமல் வைத்திருந்தது யார்? ரெமிங்டன் நிறுவனமும் அதைத்தானே சொன்னது: பராமரிப்பு இல்லை, உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று.

வழக்காடி:
சொன்னது, சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் 1948-லேயே வாக்கர் ஒரு மாற்றத்தை முன்வைத்தார். துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவு. நிறுவனம் ஏற்கவில்லை. 1994-ல் டெக்சாஸில், காலில் குண்டு பாய்ந்த ஒருவருக்கு ஜூரி 1.7 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. துப்பாக்கியைத் துடைக்காதவருக்கு எந்த ஜூரி இவ்வளவு கொடுக்கும்?

பழைய ஹவில்தார்:
வழக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. பின்னால் நடந்த சமரசத்தில் சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு மாற்று ட்ரிகர் இலவசம் என்றார்கள். 2017 தொடக்கம்வரை விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். பிழை தெரிந்த பிறகும் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர்களை என்னவென்று சொல்வது?

பட்டறைக்காரன்:
பிழை என்று நிறுவனம் எங்கே ஒப்புக்கொண்டது? குறையே இல்லை என்று சாதித்துக்கொண்டே இலவசமாக மாற்றித் தருகிறேன் என்றால், மெனக்கெட்டு எவன் அனுப்புவான்? அது போகட்டும். 2006-ல் தொடங்கிய புதிய எக்ஸ்-மார்க் புரோ ட்ரிகரையும் 2014 ஏப்ரலில் திரும்பப் பெற்றார்கள். காரணம், தொழிற்சாலையில் அளவுக்கு மீறிப் பூசிய பசை. அதையும் வாங்கியவர்தான் துடைத்திருக்க வேண்டுமா, ஐயா?