‘ஹிட் பாயிண்ட்’: தாக்குபுள்ளியா, எடுப்பா, தொடுபுள்ளியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பின்னணி இசைச் சொற்பட்டியலில் அடுத்து நிற்பது ‘ஹிட் பாயிண்ட்’. இப்போதைக்கு அங்கே ‘தாக்குபுள்ளி’ என்று இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பெயர்த்தது போலிருக்கிறதே தவிர, வேலையைப் பார்த்து வைத்த பெயராக இல்லை. அதனால் வேலையை முதலில் விரித்துப் போடுகிறேன். பிறகு பெயரைத் தேடலாம்.

படத்தில் ஒரு குறிப்பிட்ட ஃபிரேமில் ஏதோ நடக்கிறது. கதவு சாத்தப்படுகிறது, ஷாட் மாறுகிறது, ஒருவர் தலை நிமிர்கிறார். இசையிலும் அதே கணத்தில் ஏதோ நடக்க வேண்டும் என்று இசையமைப்பாளர் எழுத உட்காரும் முன்பே குறித்துக்கொள்கிற இடம்தான் இது. ஒரு கியூவில், அதாவது ஒரு காட்சிக்காகத் தொடர்ச்சியாக எழுதும் ஓர் இசைத்துண்டில், இப்படி மூன்று இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கியூவின் தொடக்கத்திலிருந்து 6 வினாடி 14 ஃபிரேம், 13 வினாடி 5 ஃபிரேம், 17 வினாடி 2 ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் இவை 158, 317, 410ஆம் ஃபிரேம்கள்.

கைக்குப் பழகிய 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) எழுதினால் ஒரு கிளிக்குக்கு, அதாவது அடியைக் காட்டும் ஒரு தட்டொலிக்கு, 12 ஃபிரேம். கிளிக்குகள் 156, 312, 408இல் விழும். மூன்றும் முந்திவிட்டன: முதலாவதும் மூன்றாவதும் 2 ஃபிரேம், நடுவில் இருப்பது 5 ஃபிரேம். இனி, ஒரு கிளிக்குக்கு 13¼ ஃபிரேம் வைத்துப் பாருங்கள். 1440ஐ (நிமிடத்துக்கு 24 × 60 ஃபிரேம்) கிளிக்கின் ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் பிபிஎம், ஆக 108.68. பன்னிரண்டு கிளிக் கடந்ததும் 159, இருபத்து நான்கு கடந்ததும் 318, முப்பத்தொன்று கடந்ததும் 410.75. மூன்றும் ஒரு ஃபிரேமுக்குள் வந்துவிட்டன. 4/4இல், அதாவது நான்கு அடிக்கு ஒரு பார் என்ற தாளத்தில், முதலாவது 4ஆம் பாரின் முதல் அடி, இரண்டாவது 7ஆம் பாரின் முதல் அடி. மூன்றாவது 8ஆம் பாரின் கடைசி அடியில் போய் நிற்கிறது. அந்த ஒரு பாரை 3/4 ஆக்கிவிட்டால் அதுவும் 9ஆம் பாரின் முதல் அடியாகிவிடும். கேட்பவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. இசை இயல்பாக அங்கே வந்து சேர்ந்தது போலத்தான் இருக்கும்.

இந்த மூன்று இடங்களுக்கும் ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும். ‘ஒத்திசைவுப் புள்ளி’ என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. கைபேசித் தொடர்புகளைச் சமன்செய்வதிலிருந்து ஹார்மனி வரை எல்லாவற்றுக்கும் ‘ஒத்திசை’யைக் கொடுத்தாயிற்று. இசை பற்றிய பட்டியலில் அதை இன்னொரு பொருளுக்கும் வைத்தால் ஒரே பத்தியில் இரண்டும் மோதும்.

*

வணக்கம்.

புதுச்சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. நம்மிடம் ‘எடுப்பு’ இருக்கிறது. தாளத்தில் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தானே அது சொல்கிறது? கூடவே மூன்று வகையும் கிடைத்துவிடுகிறது. தாளமும் பாட்டும் சேர்ந்து தொடங்கினால் சமம், பாட்டு முந்தினால் அதீதம், தாளம் தொடங்கிய பிறகு வந்தால் அனாகதம். தாளம் இருக்கும் இடத்தில் படத்தை வையுங்கள். 120 பிபிஎம்மில் எழுதியதற்கு மேலே சொன்ன குறை ‘மூன்றும் அதீதம்’ என்று இரண்டே சொல்லில் முடிந்துவிடும். வாசிக்கிறவர்களுக்கும் சட்டென்று புரியும்.

*

ஐயா, வணக்கம்.

> புதுச்சொல்லே வேண்டாம் என்பது என் கருத்து. நம்மிடம் ‘எடுப்பு’ இருக்கிறது.

மூன்று வகை என்று பிரித்துக் காட்டியது அருமை. அதை விடக் கூடாது. ஆனால் ‘எடுப்பு’ இங்கே உட்காரவில்லை. எடுப்பு என்பது தொடங்குமிடம். நாம் பேசுவது பெரும்பாலும் இசையின் நடுவில் வருவது. சில சமயம் முடிவதும்கூட. இன்னொன்று, எடுப்பில் மூன்றும் முறையானவை. அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனை தவறு செய்யவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து தன்னை நிலைநாட்டிக்கொள்கிறது. படத்தில் சுற்று கிடையாது. கதவு ஒரு முறைதான் சாத்தப்படும். அங்கே முந்துவதும் பிந்துவதும் ஒன்றல்ல.

எவ்வளவு வேறுபாடு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி படத்தை 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்; பிந்தினால் 125 மில்லிசெகண்ட் வரை தெரியாது. ஒரு ஃபிரேம் 41.7 மில்லிசெகண்ட். ஆக, முந்துவதற்கு ஒரு ஃபிரேம்தான் இடம், பிந்துவதற்கு மூன்று. தொலைவில் மரம் வெட்டுவதைப் பார்க்கும்போது கோடரி விழுந்த பிறகுதான் சத்தம் வருகிறது. ஒலி பிந்துவது நம் காதுக்குப் பழக்கம், முந்துவதை அது இயற்கையில் கண்டதே இல்லை. 13¼ ஃபிரேம் கணக்கு எல்லாவற்றையும் ஒரு ஃபிரேம் பிந்த வைத்ததும், 120 பிபிஎம் எல்லாவற்றையும் முந்த வைத்ததும் இதனால்தான் இவ்வளவு பெரிய வேறுபாடு.

மூன்று ஃபிரேம் இருக்கிறதே என்று முழுவதையும் செலவழித்துவிடவும் கூடாது. பின்வரிசை ஒலிபெருக்கியிலிருந்து 34 மீட்டர் தள்ளி இருந்தால், ஒலி அங்கே போய்ச் சேரவே ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட் ஆகும். எழுதும்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஃபிரேம். அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி ‘தாக்குபுள்ளி’. அது கூடாது என்பதற்கு என் முதல் காரணம், தாக்காத இடங்கள்தான் அதிகம். ஒரு முகத்தின் அண்மைக் காட்சிக்கு ஷாட் மாறுகிறது. டிம்பனியும் சிம்பலும் அங்கே வேண்டாம். வயலின்கள் பிடித்துக்கொண்டிருந்த மைனர் கார்டு அந்த ஃபிரேமில் மேஜராகிறது, அவ்வளவே. அல்லது நாற்பது பேர் வாசித்துக்கொண்டிருந்ததில் முப்பத்தொன்பது பேர் நிறுத்த, ஒரே ஒரு ஓபோ மட்டும் மிஞ்சுகிறது. இதுவும் குறித்து வைத்த இடம்தான். இதைத் தாக்குதல் என்றால் மாணவர்கள் ஒவ்வொரு வெட்டுக்கும் பித்தளை வாத்தியங்களை அடித்து ஊதத் தொடங்கிவிடுவார்கள். சொல்லே கையைத் தவறான பக்கம் இழுக்கும்.

இரண்டாவது காரணம், தாக்குவது யார், தாக்கப்படுவது எது என்ற திசை. மாக்ஸ் ஸ்டைனர் 1933இல் ‘கிங் காங்’ படத்துக்கு எழுதியதில், தீவின் தலைவன் நடந்து வரும் அடிக்கு அடி இசை விழும். படம் முன்னே போகிறது, இசை அதை எட்டிப் பிடிக்கிறது. 1982இல் வந்த ‘ஈ.டி.’யின் இறுதிப் பகுதியில் நடந்தது நேர்மாறு. படத்தைப் பார்க்காமல், கச்சேரியில் இசைக்குழுவை நடத்துவது போல நடத்துங்கள் என்று இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸிடம் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சொல்லிவிட்டு, பிறகு அந்த இசைக்கேற்பப் படத்தொகுப்பைத் திருத்தினார். அங்கே படம் வந்து இசையைச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் சொல் வேண்டும்.

‘தொடுபுள்ளி’ என்று வைக்கலாமா? வட்டத்தைத் தொடுகோடு தொடும் இடத்துக்குப் பள்ளிக்கூட வடிவியலில் இதே பெயர்தான். வளைவும் கோடும் தம் போக்கில் போகின்றன. ஓர் இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. எது எதைத் தொட்டது என்ற கேள்வி எழவே எழாது.

*

நண்பர்களே,

‘தொடுபுள்ளி’யைப் பல வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். ‘இந்தக் கியூவில் ஐந்து தொடுபுள்ளிகள்’, ‘மூன்றாம் தொடுபுள்ளியை விட்டுவிடலாம்’ எல்லாம் நன்றாக வருகின்றன. வினையில்தான் சிக்கல். ‘இசை கதவடைப்பைத் தொடுகிறது’ என்றால் ஏதோ தடவிப் பார்ப்பது போல இருக்கிறது. தொடுதிரை வந்த பிறகு ‘தொடு’ என்றாலே விரல்தான் நினைவுக்கு வருகிறது.

படம் பார்த்துவிட்டுப் பேசும்போது நாம் என்ன சொல்கிறோம்? ‘அந்தக் கட்டுல மியூசிக் கரெக்டா விழுது’ என்போம். ‘விழு’தான் வாயில் இருக்கும் சொல். மேலே வந்த மடல்களில் கிளிக்கும் விழுகிறது, கோடரியும் விழுகிறது. யாரும் யோசித்து எழுதவில்லை, தானாக வந்திருக்கிறது. அதனால் ‘விழுமிடம்’ என்பது என் முன்மொழிவு.

கூடவே இரண்டு நடைமுறைச் செய்திகள், விளக்கக் குறிப்பில் சேர்ப்பதற்கு. கணக்கெல்லாம் சரியாக இருந்தும் கியூவின் முன்பாதி பொருந்தி, பின்பாதி போகப்போக முந்திக்கொண்டே போனால், முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம் வேகம். வந்த படம் 23.976இல் ஓட, இசைக் கோப்பை 24இல் அமைத்திருப்பார்கள். வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். மூன்று நிமிடத்தில் அது 0.18 வினாடி, அதாவது நான்கு ஃபிரேமுக்கு மேல். அதுவும் முந்தும் பக்கம். மெட்டையோ வேகத்தையோ தொட்டுத் திருத்த வேண்டாம், கோப்பின் அமைப்பை மாற்றினால் போதும். 25 ஃபிரேம் படமானால் 1440க்குப் பதில் 1500ஐ வகுக்க வேண்டும்.

மற்றது, எதை வைத்து அளப்பது என்பது. டிம்பனி அடித்த கணமே ஒலிக்கும். கான்ட்ரபாஸ்கள் மெல்ல வில் போட்டால் ஒலி மலர நேரம் பிடிக்கும். தாளில் இரண்டும் ஒரே அடியில்தான் இருக்கும், காதில் பாஸ் பிந்தும். முழு இசைக்குழுவும் ஒரே கணத்தில் வர வேண்டிய இடத்தில், அடிநாதத்தைக் கான்ட்ரபாஸ் மேல் மட்டும் சுமத்தாமல் பியானோவின் கீழ்ச் சுரத்தையோ ஹார்ப்பையோ சேர்த்து எழுதினால் முனை கிடைத்துவிடும். சாம்பிள் வயலின்களில் (பதிவுசெய்த ஒலிகளைக் கணினியில் வாசிப்பது) லெகாட்டோ, அதாவது சுரங்களை இழைத்து வாசிக்கும்போது வரும், தாமதத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். கிளிக்கில் சரியாக நின்றுவிட்டது என்று திரை காட்டும், காது ஒப்பாது. காதைத்தான் நம்ப வேண்டும்.

*

வணக்கம்.

‘விழு’ அழகான சொல். அதை இழக்க எனக்கும் மனமில்லை. ஆனால் ‘விழுமிடம்’ என்பது ‘விழுமியம்’, ‘விழுமம்’ பக்கத்தில் போய் நிற்கிறது. வேகமாகப் படிக்கும்போது இடறும். ‘இடம்’ என்பதும் ஃபிரேம் அளவுக்குத் துல்லியமாக இல்லை, ‘புள்ளி’யில் அந்தக் கூர்மை இருக்கிறது. இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? பெயர் தொடுபுள்ளி, வினை விழு. ‘இசை தொடுபுள்ளியில் விழுகிறது.’ கோடு ‘வரைவது’, புள்ளி ‘வைப்பது’ என்று பெயருக்கொரு வினை இருப்பது நமக்குப் புதிதல்ல.

அதீதம், அனாகதம் என்ற பெயர்களை மட்டும் மாற்றலாம். எது முன், எது பின் என்று இசை படித்தவர்களே குழம்பும் இணை அது. முந்தல், பிந்தல் போதும். ‘இரண்டாம் தொடுபுள்ளியில் 5 ஃபிரேம் முந்தல்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தாக்கும் வகையும் தாக்காத வகையும்? வல்லினம், மெல்லினம் படித்த நமக்கு வன்தொடல், மென்தொடல் தானாகவே புரியும்.

‘ஸ்ட்ரீமர்’ என்பதையும் இத்துடன் முடித்துவிடலாம். தொடுபுள்ளி நெருங்குகிறது என்று இசைக்குழு நடத்துநருக்குக் காட்ட, திரையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகரும் கோடு அது. படச்சுருள் நாளில் சுருளின் மேலேயே சாய்வாகக் கீறுவார்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடி நீளத்துக்கு 16 ஃபிரேம். மூன்றடி நீளம் கீறினால் கோடு சரியாக 2 வினாடி ஓடும். அது முடியும் ஃபிரேமில் ஒரு துளை போட்டால் திரை பளிச்சென்று மின்னும். ‘ஓடுகோடு’ என்று வைக்கிறேன். கிளிக் இல்லாமல் நடத்துநர் கையசைவிலேயே வேகத்தை நெகிழ்த்திக் கொண்டுபோகும் கியூக்களுக்கு இன்றும் இதுதான் துணை. நெகிழ்ச்சி வேண்டிய மெல்லிசைப் பகுதிக்குக் கிளிக்கைத் திணிப்பதைவிட ஓடுகோடு எவ்வளவோ மேல்.

கடைசியாக, சொல் உழைக்கிறதா என்று கடினமான ஒரு பத்தியில் வைத்துப் பார்த்தேன்:

‘முதல் தொடுபுள்ளிக்கும் இரண்டாவதற்கும் நடுவே படத்தொகுப்பாளர் 13 ஃபிரேம் எடுத்துவிட்டார். இரண்டாம் தொடுபுள்ளி 304க்கும், மூன்றாவது 397க்கும் வந்துவிட்டன. ஒரு கிளிக் 13¼ ஃபிரேம் என்பதால், இடையிலுள்ள ஒரு 4/4 பாரை 3/4 ஆக்கினால் போதும், இசை 304.75, 397.5இல் விழும். பிந்தல் ஒரு ஃபிரேமுக்கும் குறைவு. எடுத்தது 20 ஃபிரேம் என்றால் ஒன்றரைக் கிளிக். ஒரு பாரை 5/8 ஆக்க வேண்டியிருக்கும். வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கப் பார்த்தால் 108.68இலிருந்து 125க்குத் தாவ வேண்டும், அது காதில் நிச்சயம் தெரியும்.’

எங்கும் இடறவில்லை. இதையே எடுத்துக்காட்டாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். வரையறை இது:

தொடுபுள்ளி: படத்தின் குறிப்பிட்ட ஃபிரேமில் நிகழும் ஒன்றும் இசையில் நிகழும் ஒன்றும் சேர வேண்டும் என முன்கூட்டியே குறிக்கப்படும் கணம். இசை அதில் விழும். விழுவது வன்தொடலாகவோ மென்தொடலாகவோ இருக்கலாம். விலகலை முந்தல், பிந்தல் என ஃபிரேமில் சொல்க.

‘கிளிக்’, ‘பார்’, ‘ஃபிரேம்’ மூன்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். வாசிப்பவர்கள் நாள்தோறும் புழங்கும் சொற்கள், அவற்றால் எந்தக் குழப்பமும் இல்லை. ‘தாக்குபுள்ளி’ இருந்த இடத்தில், பழைய சொல்லைத் தேடி வருகிறவர்களுக்காக, ‘காண்க: தொடுபுள்ளி’ என்று மட்டும் நிற்கிறது.