"நார்மல் பொம்" 8,000, "டாய் பொம்" 40,000: எதை வாங்குவது?

மஞ்சக்குப்பம் அம்மா:
வணக்கம். கடலூரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகள், மாமியார். பொமேரேனியன் நாய்க்குட்டி வேண்டும் என்று மகள் உயிரை எடுக்கிறாள். புதுச்சேரியில் ஒருவரிடம் போய்ப் பார்த்தோம். "நார்மல் பொம்" 8,000, "டாய் பொம்" 40,000, "டீக்கப்" அதற்கும் மேலே என்கிறார். எனக்கு எல்லாமே ஒரே மாதிரி வெள்ளைப் பஞ்சு உருண்டையாகத்தான் தெரிந்தன. பகலில் மாமியார் மட்டும்தான் வீட்டில் இருப்பார். ஏசி ஒரே அறையில்தான். எதை வாங்கலாம்?

ஸ்பிட்ஸ் தாத்தா:
அவர் "நார்மல் பொம்" என்பது பொமேரேனியனே இல்லையம்மா, இந்தியன் ஸ்பிட்ஸ். முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு வீட்டில் வெள்ளையாக ஒன்று கேட்டுக்குள் நின்று குரைக்குமே, பொமேரேனியன் என்று நாம் சொன்னதெல்லாம் பெரும்பாலும் அதுதான். ஸ்பிட்ஸில் சின்னது 5 முதல் 7 கிலோ வரும். பெரியது 12 கிலோவைத் தாண்டிவிடும். அசல் பொமேரேனியன், அதாவது அவர் "டாய் பொம்" என்பது, முழுசாக வளர்ந்தாலும் ஒன்றரையிலிருந்து மூன்று கிலோ சொச்சம்தான்.

குட்டியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம், தாயைக் காட்டச் சொல்லுங்கள். மூஞ்சி நீண்டு காது பெரிதாக இருந்தால் ஸ்பிட்ஸ். மூஞ்சி குட்டையாக, காது முடிக்குள் பாதி மறைந்திருந்தால் பொமேரேனியன்.

டீக்கப் என்று தனி வகை எதுவும் கிடையாது. அளவுக்கு மீறிச் சின்னதாகப் பிறந்ததற்கு விலையேற்ற வைத்த பெயர். ஒரு வேளை சாப்பாடு தவறினாலே சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பொமேரேனியனும் ஒரு காலத்தில் பெரிய நாய்தான். 1888-இல் விக்டோரியா மகாராணி இத்தாலியிலிருந்து சின்னதாக ஒன்றைக் கொண்டுவர, அந்த மோகத்தில் சுருக்கிச் சுருக்கி இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா:
தாயைக் கேட்டோம் ஐயா, "வேறு ஊரில் இருக்கிறது" என்றார். இப்போதுதான் புரிகிறது. இன்னொரு சந்தேகம். அக்னி நட்சத்திரத்தில் முடியை மொட்டையடித்து விட்டால் சூடு தாங்குமா?

லாஸ்பேட்டை அக்கா:
அந்தத் தப்பை நான் செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். எங்கள் பொமேரேனியனுக்கு ஒரு மே மாதம் மிஷின் போட்டு ஒட்ட வெட்டினோம். ஒரு வருடம் ஆகியும் முதுகில் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு இருக்கும். சிடுக்கில்லாமல் சீவி வைத்தால் வெயில் தோலில் நேரே படாது. மொட்டையடித்தால் அதுவும் போச்சு. உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுங்கள், குளிப்பாட்டினால் வேர் வரை உலர்த்துங்கள். கடல்காற்று ஊரில் ஈரம் நின்றால் புண்தான். பகலில் வெளியே கூட்டிப்போகவே வேண்டாம்.

குட்டிக்கு நாலைந்து மாத வயதில் முடி கொட்டி மூஞ்சி குரங்கு மாதிரி ஆகும். பயப்படாதீர்கள், திரும்ப வரும்.

என்னைக் கேட்டால் உங்களுக்குச் சின்ன ஸ்பிட்ஸ் போதும். பொமேரேனியனுக்கு எலும்பு மெல்லிசு. எங்களுடையது சோபாவிலிருந்து குதித்தே முன்னங்கால் உடைந்தது. ஏழு வயசுப் பிள்ளை ஆசையாகத் தூக்கிக் கை நழுவவிட்டால் என்ன ஆவது? இரண்டில் எதுவானாலும் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், மூச்சுக்குழாய் நசுங்கும். மார்புப் பட்டை வாங்குங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. குட்டி வந்ததும் டாக்டரிடம் காட்டி ஊசிக் கணக்கு போடுங்கள், ரேபிஸ் ஊசி மூன்று மாத வயதில் வரும். புதுச்சேரியில் என்றால் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே போகலாம்.

ஸ்பிட்ஸ் தாத்தா:
ஸ்பிட்ஸ் வாய் ஓயாது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலிங்பெல், காக்கா, கீரைக்காரம்மா, எல்லாருக்கும் குரைக்கும். வீட்டு ஓனரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் அம்மா:
கேட்டாயிற்று ஐயா. கீழ் வீட்டு ஓனர் முகம் கோணாமல் கேட்டுவிட்டு, "எங்கள் வீட்டிலும் பொமேரேனியன் இருந்ததம்மா, பதிமூன்று வருடம்" என்று போட்டோ எடுத்து வந்து காட்டினார். நீண்ட மூஞ்சி, பெரிய காது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் தாயோடு நான்கு ஸ்பிட்ஸ் குட்டிகள் இருக்கின்றன. தாய் 6 கிலோ, எடை போட்டே காட்டினார்கள். இன்னும் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். மாமியார் அதற்குள் சீப்பு வாங்கி வைத்துவிட்டார்.