அவலாஞ்சியில் நெட்டைக்காலி பார்த்த நாள்

பறவை பார்த்த அனுபவங்களைப் பகிரும் இத்திரியில் இதுவரை எழுதிய நண்பர்கள் பெரும்பாலும் வண்ணப் பறவைகளைக் கண்டு வந்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவது நெட்டைக்காலி என்ற ஒரு பழுப்புக் குருவியைப் பற்றி.

சென்ற பிப்ரவரியில் வனத்துறை அனுமதி பெற்று, அவர்கள் உடன் அனுப்பிய வழிகாட்டியோடு நாங்கள் நால்வர் நீலகிரியின் அவலாஞ்சி மலைப்பகுதியில் ஒரு பகல் முழுதும் நடந்தோம். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில், காலை ஏழு மணிக்கும் பள்ளத்துப் புல்லில் உறைபனி உப்பைத் தூவியதுபோல் படிந்திருந்தது, மிதித்தால் நொறுங்கியது. சோலை எனப்படும் குட்டை மரக் காடும் புல்வெளியும் அங்கே கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்பதற்கு இந்த உறைபனியும் ஒரு காரணம் என்றார் வழிகாட்டி. சோலை மரத்தின் விதை வெட்டவெளியில் விழுந்து முளைத்தாலும், மேலே மறைப்பதற்குக் கிளையில்லாததால் கன்று குளிரில் கருகிவிடுகிறது. புல்லோ நுனி கருகினாலும் அடியிலிருந்து துளிர்த்துக்கொள்கிறது. இதற்கு விலக்கு காட்டுப்பூவரசு என்னும் ரோடோடென்ட்ரான் மரம். முறுக்கிய தண்டும் வெடித்த தடித்த பட்டையுமாகப் புல்வெளி நடுவே தனித்து நின்ற மரமொன்று அன்று சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தது.

சோலைக்குள் இரண்டு எட்டு வைத்ததுமே ஒளி மங்கியது. பாசி போர்த்த குட்டை மரங்களுக்கிடையே நீலகிரிச் சிரிப்பான்கள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று மிக அருகே வந்தமர்ந்தபோது என் மூச்சே பைனாகுலரை மூடிவிட, செம்பழுப்பு வயிற்றுக்கு மேல் எதையும் நான் பார்க்கவில்லை. கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் மட்டும் முழங்கால் உயரக் கிளையில் இருந்து எங்களைப் பொறுமையாகப் பார்த்தது.

நண்பகலில் மேட்டுப் புல்வெளிக்கு ஏறி உணவுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில்தான், பத்தடி தள்ளிப் புல்லுக்குள் ஏதோ நடந்தது. நீலகிரி நெட்டைக்காலி! ஊர்ப்புறத்து வயல் நெட்டைக்காலி என்று தள்ளிவிட எண்ணினேன். ஆனால் மார்பின் கருங்கீற்றுகள் விலாவரை அழுத்தமாக இறங்கியிருந்தன. இரண்டு புல் கொத்துகளுக்கிடையே தலையை நீட்டி ஏதோ பூச்சியைக் கொத்தியது, மீண்டும் ஓடியது, பிறகு எழுந்து ஒரு தவிட்டுப்பழச் செடியின் உச்சியில் அமர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உயரங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை என்பதை அதன் தோற்றத்திலிருந்து எவரும் ஊகிக்கமாட்டார்கள். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

எதிர்ச்சரிவில், தோல் பதனிடும் பட்டைக்காக ஒரு காலத்தில் நடப்பட்ட சீகை (வாட்டில்) மரங்கள் புல்வெளிக்குள் பரவியிருந்தன. நிழல் விழுந்த இடத்தில் இந்தப் புல் நிற்பதில்லை. புல் போனால் நெட்டைக்காலிக்கு அங்கே வேலையில்லை. இறங்கும்போது வழிகாட்டி, பேச்சை நிறுத்தாமலே குனிந்து குனிந்து வழியோரச் சீகைக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே வந்தார். பதினேழு வரை எண்ணினேன்; அதன்பின் மூடுபனி இறங்கி, முன்னால் நடந்தவரின் முதுகுப்பை மட்டுமே தெரிந்தது.