தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயம் நம்முடைய சொல்லா, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன லைனா?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட், மலேசியா): லைன் என்றால் கோடு, அவ்வளவுதான் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. போனில் லைன் இல்லை என்கிறோம். ரோட்டில் போலீஸ் இல்லாவிட்டால் லைன் கிளியர். தூண்டில் கயிறும் லைன், நாடக வசனமும் லைன். லத்தீனில் ஆளிச் செடியின் நாரிலிருந்து வந்த சொல் அது, முதலில் நூலைத்தான் குறித்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் வரிசையாகப் போட்ட குடியிருப்புகளை லைன்ஸ் என்றார்கள். நாம் பிறந்த லயமும் அதே லைன்தான்.

தமிழாசான்: நூல், நார் எல்லாம் இருக்கட்டும். குதிரை கட்டும் இடத்துக்கு லாயம் என்ற பெயர் நம்மிடம் முன்பே உண்டு. அதிலிருந்து வந்ததுதான் லயம். லைன் ‘ன்’னில் முடிகிறது. ‘ம்’ எங்கிருந்து வந்தது?

கம்பிச்சடக்கு: என் பாட்டி எட்டுப் பிள்ளை பெற்ற வீட்டைக் குதிரைக் கொட்டகை என்கிறீர்களா ஐயா?

பால்மரத்தான்: நிலம் நிலன், அறம் அறன் என்று வருவதைப் பள்ளியில் நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்? இலங்கை மலையகத்தில் இன்றும் லயன் என்கிறார்கள்.

தமிழாசான்: நன்னூல் ‘ம்’ ‘ன்’னாக மாறுவதைச் சொல்கிறது. ‘ன்’ ‘ம்’மாக மாறும் என்று எந்த நூற்பாவில் இருக்கிறது? காட்டுங்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லை. ‘ம்’ எங்கிருந்து வந்தது?

பால்மரத்தான்: போன வருடமும் இதே கதைதான். தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு என்பது பரேட் என்று எல்லாரும் சொன்னோம். நீங்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

செம்பனைக்காட்டான்: பெரட்டைப் பற்றி வாத்தியார் பேசக்கூடாது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் நாங்கள். அவர் வீடு கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், வீட்டு வரிசையில் இருந்தது. லயத்தில் ஒரு மழைக்காலம் படுத்திருப்பாரா?

தமிழாசான்: என் அப்பா கிராணியாக இருந்தது குற்றமா? உங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கில் இலவசமாகப் பாடம் சொன்னவன் நான். அதில் படித்தவர்தான் இன்று எனக்கே இலக்கணம் சொல்கிறார். அதுவும் அரைகுறையாக.

கம்பிச்சடக்கு: குதிரைக் கொட்டகை என்றதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

தமிழாசான்: நான் சொன்னது லாயம். கொட்டகை என்றது நீங்கள். பேச்சை மாற்றாதீர்கள். லைன், லயன், எதுவானாலும் ‘ன்’தான். ‘ம்’முக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

செம்பனைக்காட்டான்: லயத்தையே இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அப்போது இந்தக் குரல் எங்கே போனது, வாத்தியாரே?